தூண்டும் நரம்பும் தடுக்கும் நரம்பும்

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



நாம் இக்கூட்டத்திற்கு வரும் வழியில், பஸ் நிலையத்தில் நின்று கொண்டிருந்தபோது, பதினைந்து பதினாறு வயதுள்ள ஒரு பையன் திடீரென்று கீழே விழுந்து கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தான். உடனே கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தம் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் எதையாவது வைத்துப் பல்லைப் பிளக்க வேண்டுமென்றார். ஒரு பாட்டியம்மாள் "யார் செய்த பாவமோ, ஏதோ தெய்வக் குற்றம்" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டார். இரண்டு நிமிஷத்தில் இழுப்பு நின்றுவிட்டது. சாவி கொடுத்தவர், "பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் ஓடிவிட்டது" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக் கொண்டு போய்விட்டார். எது ஓடிவிட்டது என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

தோழர்களே! அந்தச் சாவிக்காரர் கெட்ட எண்ணமுள்ளவர் அல்ல. உதவி செய்ய வேண்டுமென்று நினைத்தவர்தான். ஆனால் அந்தப் பையனின் மண்டைக்குள் அப்போது என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதைத்தான் இன்று நாம் நம்மால் ஆனவரை எடுத்துச் சொல்லலாமென்று நினைக்கின்றோம். நாம் வைத்தியர் அல்ல. படித்துத் தெரிந்து கொண்டதைச் சொல்லுகின்றோம். நீங்களும் இதை உங்கள் புத்தியில் போட்டு அலசிப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

நரம்பு ஒரே கயிறா?

நமது மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவும் ஆயிரக்கணக்கான மற்ற அணுக்களோடு சம்பந்தம் வைத்துக் கொண்டிருக்கின்றது. நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு, இவையெல்லாம் மீன் வலையைப்போல ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டு ஒரே வலையாக இருக்கின்றன என்றுதான் பல பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணினார்கள். இத்தாலியிலே கோல்கி என்பவர் 1873-இல் வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களுக்குக் கருஞ்சாயம் ஏற்றிப் பார்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஸ்பெயின் தேசத்து கஹால் என்பவர் அதே சாயத்தைக் கொண்டு 1888 முதல் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்து, "இது ஒரே வலை அல்ல, ஒவ்வொரு அணுவும் தனித்தனி, ஒன்றையொன்று நெருங்குகின்றனவே ஒழிய ஒட்டிக் கொண்டிருக்கவில்லை" என்று சொன்னார். சாயம் கண்டுபிடித்த கோல்கியோ கடைசிவரை அதை ஒப்புக் கொள்ளவில்லை. 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய மேடையிலேயே இருவரும் ஒருவருக்கொருவர் மாறாகப் பேசினார்கள். சாயம் கண்டுபிடித்தவர் அவர். ஆனால் அந்தச் சாயம் காட்டிய உண்மை அவர் பக்கம் இருக்கவில்லை.

ஒரு நரம்பணு இன்னொன்றை நெருங்குகின்ற அந்த இடத்திற்கு இங்கிலாந்து தேசத்து ஷெரிங்டன் என்பவர் 1897-இல் "சினாப்ஸ்" என்று பெயர் வைத்தார். நாம் அதைச் சந்திப்பு என்று சொல்லலாம். அந்தச் சந்திப்பிலே உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஐம்பதினாயிரம் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு. 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுதான் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஷெரிங்டனோ பார்க்காமலே, செய்தி அங்கே கொஞ்சம் தாமதிக்கின்றது, ஒரு பக்கமாகவே போகின்றது என்ற காரியங்களைக் கொண்டு காரணத்தை ஊகித்துச் சொன்னார்.

நிறுத்துவதற்கும் ஒரு வேலையாள்

நரம்பு என்றால் தூண்டுவது. தூண்டாவிட்டால் சும்மா இருப்பது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 1845-இல் வேபர் என்னும் பெயருள்ள ஜெர்மன் சகோதரர்கள் இருவர், இருதயத்துக்குப் போகும் ஒரு நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது இருதயம் வேகமாக அடிப்பதற்குப் பதிலாக நின்று போயிற்று. அதாவது, நிறுத்துவதற்கென்றே ஒரு நரம்பு வேலை செய்கின்றது. தடுப்பது என்பது வேலையில்லாமை அல்ல. அதுவும் ஒரு வேலை. இந்த விஷயத்தை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

உங்கள் கையை மடக்குங்கள். மேல்கையின் முன்புறத் தசை சுருங்குகின்றது. அதே சமயத்தில் பின்புறத் தசை தளர்ந்து இடம் கொடுக்கின்றது. தளராமல் அதுவும் சுருங்கினால் கை மடங்காது. விறைத்துக் கொண்டு நிற்கும். முன் தசையைச் "சுருங்கு" என்று தூண்டும்போதே, பின் தசையின் நரம்பணுவை "பேசாமல் இரு" என்று தடுக்கும்படியான ஏற்பாடு முதுகுத் தண்டிலேயே இருக்கின்றது. இதை நன்றாக ஆராய்ந்து நிரூபித்தவரும் ஷெரிங்டன்தான்.

இன்னொரு உதாரணம் பாருங்கள். சூடான பாத்திரத்தில் கை பட்டால் வெடுக்கென்று இழுத்துக் கொள்ளுகின்றோம். ஆனால் ஒரு தாய் கொதிக்கும் கஞ்சிப் பானையைத் தூக்கிக் கொண்டு வருகின்றாள். கீழே குழந்தை தவழ்ந்து வருகின்றது. துணி நழுவிக் கை சுடுகின்றது. அவள் பானையைப் போடுகின்றாளா? இல்லை, பல்லைக் கடித்துக் கொண்டு கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கையை உதறுகின்றாள். "விடு" என்று கீழிருந்து வந்த தூண்டுதலை, "விடாதே" என்று மூளையிலிருந்து வந்த தடை வென்றுவிட்டது. அந்தத் தடை இல்லையானால் அந்தக் குழந்தையின் கதி என்னவாகும்?

பொறியா, ரசமா?

சரி, ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தியை எப்படிக் கொடுக்கின்றது? நரம்பின் உள்ளே ஓடுவது மின்சாரம் சம்பந்தப்பட்டது என்பது தவளைக் காலை வைத்துப் பார்த்த கால்வானி காலத்திலிருந்தே தெரியும். ஆனால் இடைவெளியைத் தாண்டுவது மின்பொறியா, அல்லது ஏதாவது ரசாயனப் பொருளா? இதில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. வேடிக்கையாகப் பொறிக் கட்சி, ரசக் கட்சி என்று சொல்லுவார்கள்.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருந்த ஆட்டோ லோவி என்பவர் இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து உப்பு நீரில் அடித்துக் கொண்டிருக்கும்படி செய்தார். ஒன்றில் நரம்பு உண்டு, மற்றதில் நரம்பில்லை. முதல் இருதயத்தின் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாயிற்று. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இருதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இருதயமும் மெதுவாயிற்று! ஆகவே நரம்பு முனையிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து நீரில் கலந்திருக்க வேண்டும் என்பது ருஜுவாயிற்று. 1921-இல் இதை அவர் வெளியிட்டார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலீன் என்பது பிறகு தெரிந்தது. 1936-இல் அவருக்கும் ஹென்றி டேல் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சோதனையின் யோசனை தமக்குக் கனவில் வந்தது என்று லோவியே எழுதியிருக்கின்றார். முதல் நாள் இரவு எழுந்து கிறுக்கி வைத்தது காலையில் படிக்கத் தெரியவில்லையாம். மறுநாள் இரவும் அதே கனவு வரவே, எழுந்து நேரே சோதனைச் சாலைக்கு ஓடினாராம். "பார்த்தீர்களா, கனவில் தெய்வம் வந்து சொல்லியிருக்கின்றது" என்று யாராவது கிளம்பக் கூடும். தோழர்களே! அவர் பல வருஷங்களுக்கு முன்பே இந்த எண்ணத்தைத் தம் நண்பரிடம் பேசியிருக்கின்றார். மூளையில் கிடந்ததுதான் கனவில் வந்தது. அதைவிட முக்கியம், கனவு கண்டவர் அதற்கொரு கோயில் கட்டவில்லை. தவளையை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். சோதனை பொய்த்திருந்தால் கனவும் குப்பைக்குப் போயிருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதரை, யூதர் என்ற ஒரே காரணத்துக்காக 1938-இல் ஆஸ்திரியாவுக்குள் புகுந்த ஹிட்லர் ஆட்கள் சிறையில் போட்டார்கள். நோபல் பரிசுப் பணத்தையும் பிடுங்கிக் கொண்டே தேசத்தைவிட்டுப் போக விட்டார்கள். அவர் 1961-இல் அமெரிக்காவில் காலமானார்.

நிற்க. இருதயத்தில் ரசம் என்று ஒப்புக் கொண்டவர்கள்கூட, மூளையிலும் முதுகுத் தண்டிலும் பொறிதான் என்று வாதாடினார்கள். அவர்களில் முன்நின்றவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த எக்கிள்ஸ் என்பவர். பல வருஷம் அவர் பொறிக் கட்சிக்காகப் போராடினார். 1951-இல், நியூஜிலாந்தில் டனிடின் நகரத்தில், அவரும் அவருடைய கூட்டாளிகளும் மிக நுண்ணிய கண்ணாடி ஊசி ஒன்றைப் பூனையின் முதுகுத் தண்டிலுள்ள ஒரே ஒரு நரம்பணுவுக்குள் செலுத்தினார்கள். தடுக்கும் நரம்பைத் தூண்டினால் மின்னழுத்தம் எந்தப் பக்கம் போகும்? அவருடைய பொறிக் கொள்கை மெய்யானால் ஒரு பக்கம் போக வேண்டும். அளந்து பார்த்தார்கள், நேர் எதிர்ப்பக்கம் போயிற்று. எக்கிள்ஸ் என்ன செய்தார்? தம்முடைய அத்தனை வருஷத்துக் கட்சியையும் விட்டுவிட்டு, "நான் சொன்னது தப்பு, ரசம்தான் சரி" என்று உலகறிய எழுதினார். 1963-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இவர் ஆத்மா உண்டு என்று கடைசிவரை நம்பியவர். அதில் நமக்கும் அவருக்கும் ஒத்து வராது. ஆனாலும் தாம் கட்டியதைத் தாமே இடித்த அவரது நேர்மையை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. பொறிக் கட்சிக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். மின்சாரம் நேரே தாவுகின்ற சந்திப்புகளும் சில உண்டு என்பது 1959-இல் இறால் இனத்துப் பிராணி ஒன்றில் நிரூபிக்கப்பட்டது. நம் மூளையிலும் அப்படிச் சில இருக்கின்றன. பெரும்பாலானவை ரசச் சந்திப்புகளே.

கணக்கு நடக்கும் விதம்

சும்மா இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கின்றது. இது சுமார் 55 என்ற அளவுக்கு வந்துவிட்டால் அணு "வெடிக்கும்". அதாவது அதன் நீண்ட வால் வழியாக ஒரு மின்துடிப்பு ஓடும். அந்த அளவுக்கு வராவிட்டால் ஒன்றும் ஓடாது. அரைத் துடிப்பு, கால் துடிப்பு என்பதெல்லாம் கிடையாது.

துடிப்பு வாலின் முனைக்கு வந்ததும், அங்கே சிறு சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும் ரசம் இடைவெளியில் கொட்டப்படுகின்றது. எதிர்க்கரையில் அந்த ரசத்துக்கென்றே கதவுகள் இருக்கின்றன. மூளையில் தூண்டும் ரசங்களில் முக்கியமானது குளுட்டமேட். அது பட்டதும் திறக்கும் கதவு வழியாக சோடியம் உள்ளே பாய்கின்றது; 70 என்பது வெடிக்கும் அளவை நோக்கிக் கொஞ்சம் நகரும். தடுக்கும் ரசங்கள் காபா என்பதும், முதுகுத் தண்டில் கிளைசீன் என்பதும். இவை பட்டதும் குளோரைட் போகும் கதவு திறக்கும். அணு வெடிக்கும் அளவைவிட்டு விலகிப் போகும், அல்லது நகர முடியாமல் அங்கேயே பிடித்து நிறுத்தப்படும்.

ஒரு சந்திப்பின் தூண்டுதல் மிகச் சிறியது. அது ஒன்றினால் மட்டும் அணு சாதாரணமாக வெடிக்காது. பல இடத்திலிருந்து ஒரே சமயத்தில், அல்லது ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து வந்தால்தான் எல்லாம் கூடி அளவை எட்டும். தடுப்பவை அந்தத் தொகையைக் கழிக்கும். ஆக ஒவ்வொரு நரம்பணுவும் ஒவ்வொரு நொடியும் வரவையும் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, "வெடிக்கலாமா, வேண்டாமா" என்று முடிவு செய்து கொண்டிருக்கின்றது. நாம் கை தூக்குவதும், கோபம் வந்தும் அடிக்காமல் நிற்பதும் இந்தக் கணக்கின்மேல்தான் நடக்கின்றன.

இதில் ஒரு விசேஷம் உண்டு. இருதயத்தை மெதுவாக்கிய அதே அசிட்டைல்கோலீன், கைகால் தசையில் பட்டால் சுருங்கும்படி தூண்டுகின்றது. பொருள் ஒன்றே. ஆகவே குணம் பொருளில் இல்லை. அதை வாங்கிக் கொள்ளும் கதவில் இருக்கின்றது.

தடை போனால் என்ன ஆகும்?

தடையின் அருமை தடை போன பிறகுதான் தெரியும். நம் நாட்டுக் காடுகளிலே இருக்கின்ற எட்டி மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் கொட்டையில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் இருக்கின்றது. அது கிளைசீனுக்குரிய கதவை அடைத்துக் கொள்ளுகின்றது. முதுகுத் தண்டிலே தடுப்பவர் இல்லாமற் போகவே, யாராவது தொட்டாலும், கதவு தட்டும் சத்தம் கேட்டாலும்கூட உடம்பின் தசைகளெல்லாம் ஒன்றாகச் சுருங்கி, உடல் வில்லாக வளைகின்றது. கொடுமை என்னவென்றால், அவ்வளவும் நல்ல நினைவோடு இருக்கும்போதே நடக்கின்றது.

இதே கோலத்தை உண்டாக்கும் இன்னொன்று ரண ஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு கிருமி புண்ணில் புகுந்து விஷத்தை உண்டாக்குகின்றது. அந்த விஷம் நரம்பின் வழியாக மேலேறி முதுகுத் தண்டுக்குப் போய், அங்கே தடுக்கும் நரம்பணுக்களுக்குள் புகுந்து, ரசப் பையைத் திறக்கும் புரதத்தை வெட்டிவிடுகின்றது. இது 1992-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கத்தரிக்கோல் போட்டு நறுக்கியது போலத்தான். பை நிறைய ரசம் இருந்தும் கொட்ட முடியவில்லை. தாடை பூட்டிக் கொள்ளுகின்றது, முதுகு வளைகின்றது.

தாய்மார்களே! முன்காலத்தில் வீட்டில் பிரசவமாகி, அழுக்குக் கத்தியால் தொப்புள் கொடியை அறுத்து, அதன்மேல் சாணமோ சாம்பலோ வைத்தார்கள். சில நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை பிறகு சப்ப முடியாமல், விறைத்து, இழுத்துச் செத்துப் போயிற்று. "பட்சி தோஷம், பேய் அடித்தது" என்றார்கள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். எத்தனை குழந்தைகள் போயின என்று கணக்கெடுக்க யார் இருந்தார்கள்? பிறகு கர்ப்பமாயிருக்கும் தாய்க்குத் தடுப்பு ஊசி போட்டார்கள். அந்த எதிர்ப்புச் சக்தி வயிற்றிலேயே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. சுத்தமான கத்தியால் கொடியை அறுத்தார்கள். பிரசவத் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டது என்று 2015-இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் உறுதி செய்தது. பேய் ஊசிக்குப் பயந்து ஓடிவிட்டதா? கிருமி மண்ணில் இன்னும் இருக்கின்றது. ஆகவே ஊசியை விட்டுவிட்டால் பழைய "பேய்" திரும்பி வரும்.

சாவியும் மாத்திரையும்

இப்போது பஸ் நிலையத்துப் பையனிடம் வருவோம். காக்காய் வலிப்பிலே நடப்பது இதுதான்: மூளையில் தூண்டுதலும் தடையும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டிய கணக்குப் பிசகி, ஏராளமான நரம்பணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓயாமல் வெடிக்கின்றன. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிஷத்தில் மூளையின் சொந்த ஏற்பாடுகளாலேயே நின்றுவிடுகின்றன. சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். சாவி கொடுத்தவனுக்குப் பெயர் வந்து விடுகின்றது. கொடுக்காமல் நின்றதை யாரும் கணக்கில் வைத்துக் கொள்ளுவதில்லை.

இந்த நோய்க்குத் தெய்வத்தின்மேல் பழி போடுவது நம் நாட்டில் மட்டும் இருந்ததல்ல. கிரேக்க தேசத்தில் இதற்குப் "புனித நோய்" என்றே பெயர். சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே ஹிப்பாக்கிரட்டீஸ் வழிவந்த ஒரு வைத்திய நூல், இது மற்ற நோய்களைப் போன்றதுதான், மூளையில் உண்டாவது, காரணம் தெரியாத இடத்தில் தெய்வத்தைப் போட்டு மறைக்கின்றார்கள் என்று வாதித்தது. 1912-இல் லூமினால் என்னும் பினோபார்பிட்டால் வலிப்புக்கு உபயோகமாகும் என்று தெரிந்தது. அது காபாவின் தடுக்கும் சக்தியை அதிகப்படுத்துகின்றது. அதாவது தளர்ந்த தடையைக் கெட்டிப்படுத்துகின்றது. இன்று அதைவிட நல்ல மருந்துகள் பல இருக்கின்றன. சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது.

அப்படியிருக்க, வலிப்புள்ள பெண்ணை நம் சமூகம் என்ன செய்கின்றது? கலியாணத்தின்போது மறைக்கச் சொல்லுகின்றது. புகுந்த வீட்டில் மாத்திரை தின்றால் தெரிந்துவிடுமென்று அவள் மாத்திரையை நிறுத்துகின்றாள். திடீரென்று நிறுத்தியதால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வருகின்றது. பிறகு அவளைத் தள்ளி வைக்கின்றார்கள். ஹிந்து கலியாணச் சட்டத்திலேயேகூட வலிப்பு ஒரு குறையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல்தான் அதை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று, மாமியார், மாமனார் மனதிலிருந்து எப்போது எடுப்பது? இந்நோய் உள்ளவர்கள் படிக்கலாம், வேலை செய்யலாம், கலியாணம் செய்து கொள்ளலாம், பிள்ளை பெறலாம். கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரைக் கலந்து தகுந்த மருந்தை வைத்துக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே! இனி யாராவது வலிப்பு வந்து விழுந்தால் செய்ய வேண்டியது சொற்பம். பக்கத்திலுள்ள கல், முள், நெருப்பை அகற்றுங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தெளியும்வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குமேல் நீடித்தாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாமும் அப்பையன் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவன் தகப்பனாரிடம் இரண்டு வார்த்தை சொன்னோம். மூன்று வருஷமாகக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போகின்றாராம். மாத்திரை ஒன்றும் இல்லை என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமென்று எழுதிக் கொடுத்தோம். போவதாகச் சொன்னார். அதனால்தான் இக்கூட்டத்திற்கு நாம் அரைமணி நேரம் தாமதமாக வர நேர்ந்தது.